பத்தாம் வகுப்புக்குப் பின் யாரிடம் வழி கேட்பது? செயலி, அரசுத் திட்டம், தனி ஆலோசகர்: ஓர் ஒப்பீடு

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வந்தவுடன் பெற்றோர் பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஏற்ற படிப்பையும் தொழிலையும் கண்டறிந்து சொல்வதாக விளம்பரம் செய்யும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பணம் கட்டலாமா? நேரில் ஓர் ஆலோசகரைப் பார்ப்பது நல்லதா? அரசு இலவசமாக நடத்தும் 'நான் முதல்வன்' திட்டமே போதுமா? உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்லும் அந்தச் சில வாரங்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டியிருப்பதால், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வகை வேலையில் பிள்ளைக்கு விருப்பம் என்று கேள்விகள் மூலம் அறியும் நாட்டமறித் தேர்வை எழுதுவதற்காக எந்தக் குடும்பமும் பணம் செலவிட வேண்டியதில்லை. அதன் முடிவைப் படித்து, பிள்ளையின் மதிப்பெண், வீட்டுப் பொருளாதாரம், தமிழ்நாட்டின் சேர்க்கை விதிகள் ஆகியவற்றோடு பொருத்திப் பேசத் தெரிந்த மனிதரின் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுக்கலாம். செயலி நிறுவனங்கள் முதலாவதை முன்னிறுத்தி விற்கின்றன. குடும்பங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில், எந்த முடிவை எடுக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பத்தாம் வகுப்பை முடித்தவர் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்று தீர்மானிக்கிறார். அங்கே கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல், கட்டடக்கலை ஆகியவற்றின் வழி ஏறக்குறைய அடைபடுகிறது. உயிரியலை விட்டவருக்கு மருத்துவம் மிகக் கடினமாகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவரோ எந்தப் படிப்பு என்று கேட்கிறார்; கலந்தாய்வுக்குள் நுழைந்தவர் எந்தக் கல்லூரி என்று கேட்கிறார். முதல் கேள்விக்குப் பிள்ளையைப் பற்றிய அறிவு வேண்டும், மூன்றாவதற்குக் கல்லூரிகளைப் பற்றிய அறிவு வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நன்றாகக் கிடைப்பது அரிது.

அடுத்தது, ஆலோசனை சொல்பவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார் என்பது. பெற்றோர் கொடுக்கலாம், பள்ளி கொடுக்கலாம், அரசு கொடுக்கலாம், கல்லூரி கொடுக்கலாம். இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டும் பயனில்லை என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவதான உள்ளூர் நடைமுறை அறிவு பலராலும் குறைத்து மதிக்கப்படுகிறது. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்குத்தான் கிடைக்கும் என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போது நினைவில் வைப்போர் குறைவு. அந்த இரண்டு ஆண்டுக்காக நல்ல எண்ணத்தோடு மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் குடும்பம், மருத்துவத்துக்கு 2020-இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் வந்த அந்த ஒதுக்கீட்டை இழக்கிறது. கல்லூரி செல்லும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் கிடைக்கக்கூடிய 1,000 ரூபாயும் அதோடு போகலாம். நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்பட்ட மென்பொருள் இதைத் தானாக எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

மொழி, மொத்தச் செலவு, பிள்ளையைப் பற்றிய தகவல்கள் எங்கே போகின்றன என்பது ஆகியவையும் அளவுகோல்களே. அவற்றை அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## வழி ஒன்று: தொழில் வழிகாட்டும் செயலிகள்

மைண்ட்லர், ஐட்ரீம் கரியர் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. ஐட்ரீம் கரியர், யுனிசெஃப் துணையுடன் பல மாநில அரசுகளுக்கும் வழிகாட்டி இணையதளங்களை அமைத்துக் கொடுத்திருக்கிறது. நிறுவனம் எதுவாயினும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: மாணவர் சுமார் ஒரு மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்; பல பக்க அறிக்கை வருகிறது; நூற்றுக்கணக்கான தொழில்களைப் பற்றிய விவரத் தொகுப்பு திறக்கப்படுகிறது; கட்டிய தொகையைப் பொறுத்து ஆலோசகருடன் ஒன்றோ சிலவோ காணொளிச் சந்திப்புகள் கிடைக்கின்றன.

இவற்றுள் உண்மையான மதிப்பு அந்த விவரத் தொகுப்பில்தான் இருக்கிறது. டாக்டர், இன்ஜினியர், ஐ.டி., அரசு வேலை என்ற நான்கைத் தவிர வேறெதையும் கேட்டறியாத ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு, தரமணியில் ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் நிஃப்ட் இருக்கிறது, சிறுசேரியில் கணிதத்துக்கென்றே சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, எந்தப் பாடப்பிரிவில் படித்தவரும் கிளாட் என்ற சட்டப்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதித் திருச்சியின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று தெரிய வருவது சிறிய உதவியன்று. தேடும் பரப்பை விரிவாக்குவதில் செயலிக்கு நிகராக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை.

அறிக்கை விஷயம் வேறு. இத்தகைய நாட்டமறித் தேர்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டை ஒட்டியவை. மனிதரின் தொழில் நாட்டத்தை அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: கைவேலையும் கருவியும் சார்ந்தது, ஆராய்ச்சி சார்ந்தது, கலை சார்ந்தது, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்திப் பதிவு செய்வது. இதே ஆறு வகைகளை அளக்கும் 60 கேள்விகள் கொண்ட தேர்வு ஒன்றை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் இணையதளத்தில் யாரும் பணமின்றி எழுதலாம். சிபிஎஸ்இ மாணவர்களுக்குத் 'தமன்னா' என்ற திறனறித் தேர்வு இருக்கிறது. ஆகவே, கேள்வித்தாள் அரிய பொருள் என்ற எண்ணத்தில் பணம் கட்ட வேண்டாம்.

ஓ-நெட் தேர்வின் தொடக்கத்திலேயே சமையலறை அலமாரி செய்வது, செங்கல்லோ தரை ஓடோ பதிப்பது ஆகிய வேலைகள் பிடிக்குமா என்று கேட்கிறார்கள். தச்சரும் கொத்தனாரும் நல்ல கூலியும் மரியாதையும் பெறும் ஊரில் இந்தக் கேள்வி மாணவரின் விருப்பத்தை அளக்கும். நம் ஊரில் அது என்ன அளக்கிறது? மிக்சியைக் கழற்றி மாட்டுவதில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் சிறுவன்கூட, பின்னால் அம்மா நின்று திரையைப் பார்க்கும்போது, செங்கல் அடுக்கும் வேலைக்கு 'பிடிக்காது' என்றே அழுத்துவான். அந்த வேலையின் மேல் நம் சமூகம் ஏற்றி வைத்திருக்கும் சாதியும் வர்க்கமும் சேர்ந்து கொடுக்கும் பதில் அது. விளைவாக, கைவேலை சார்ந்த நாட்டத்தில் அவன் மதிப்பெண் இறங்குகிறது. இயந்திரவியல், கடற்பொறியியல், கருவி பழுதுபார்ப்பு ஆகியவை அவனது பட்டியலில் கீழே போகின்றன. அறிக்கை இதைப் பிழை என்று காட்டாது; தெளிவான எண்ணாகவும் வண்ண வரைபடமாகவும் காட்டும். பணம் கட்டி எழுதும் எந்தத் தேர்வும், கேள்விகளை இந்தியச் சூழலுக்கு மாற்றியிருக்கிறதா, யாருடைய மதிப்பெண்களோடு பிள்ளையை ஒப்பிட்டு, நூறு பேரில் எத்தனை பேரை முந்துகிறது என்ற சதமானத்தைத் தருகிறது என்ற இரு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"என் மகளை அப்படியே எழுதியிருக்கிறார்கள்" என்று பெற்றோர் வியப்பதும் தேர்வின் தரத்துக்குச் சான்றாகாது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, பின்னர் அனைவருக்கும் ஒரே விவரணையைத் தனித்தனி முடிவு போலக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது மாணவர்கள் 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தார்கள். யாருக்கும் பொருந்தும் சொற்கள் நமக்கே எழுதப்பட்டவையாகத் தோன்றுவது மனித இயல்பு.

வயதும் ஒரு தடை. விருப்பங்கள் பள்ளி வயதில் மாறிக்கொண்டே இருந்து, கல்லூரிப் பருவத்தில்தான் கணிசமாக நிலைபெறுகின்றன என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் எழுதிய தேர்வின் அறிக்கையைப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆதாரமாக எடுத்து நீட்டுவது சரியன்று.

இனி மறைந்திருக்கும் செலவுகள். விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் அடிப்படைத் தொகுப்புக்கானது. ஆலோசகருடன் கூடுதலாகப் பேசவோ, பெற்றோருடன் சேர்ந்து பேசவோ வேண்டுமானால் மேல் தொகுப்பு வாங்கச் சொல்வார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி விலையில் அடங்கியதா என்று கேளுங்கள். தவணை என்ற பெயரில் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதும், வங்கிக் கணக்கில் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியைப் பெறுவதும் கல்வித் தொழில்நுட்பத் துறையில் அதிகமானதால்தான், மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கு எச்சரிக்கை அறிவுரை வெளியிட்டது. நிறுவனம் நிலைக்குமா என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. இத்துறையில் நாட்டிலேயே பெரிதாகப் பேசப்பட்ட பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. மூன்றாண்டுத் தொகுப்புக்கு முன்பணம் கட்டுவோர் இதை மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய செலவு தகவல். பிள்ளையின் மதிப்பெண், ஆர்வம், பெற்றோரின் கைப்பேசி எண், செலவிட முடிந்த தொகை ஆகிய நான்கும் சேர்ந்த பட்டியல் மாணவரைத் தேடும் கல்லூரிக்கு மிக மதிப்புள்ளது. 2023-இன் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதலைத் திரையில் ஒரே தட்டலில் கொடுத்துவிடாமல், 'பங்குதாரர்களுடன் பகிர்வோம்' என்ற வரியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

செயலி சிறந்த தேர்வாகும் இடங்களும் உண்டு. ஆங்கில அறிக்கையை வீட்டில் யாரேனும் நன்றாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியும், மாணவர் வெளிமாநிலப் படிப்புகளையும் வெளிநாட்டையும் பார்க்கிறார், நல்ல ஆலோசகர் அருகில் இல்லை என்றால் அது பொருந்தும். வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் ஏற்ற வழி. பள்ளிக் கட்டணத்திலேயே இந்தச் சேவை அடங்கியிருந்தால், வெளியில் மறுபடி வாங்கும் முன் பள்ளியில் கேட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

## வழி இரண்டு: அரசின் வழிகாட்டல்

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் அரசுப் பள்ளிகளுக்குள் வழிகாட்டலைக் கொண்டுவந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்காக மாவட்டந்தோறும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிச் சேர்க்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்பதும் பெயரிலேயே இந்தப் பணியைக் கொண்ட அலுவலகம்தான். பதிவு புதுப்பிக்கும் இடம் என்று மட்டுமே நாம் அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழியின் வலிமை நடைமுறை அறிவு. உள் ஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, சாதிச் சான்றிதழ், பாலிடெக்னிக் முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்வது ஆகியவற்றைத் தனியார் நிறுவனத்தைவிட இங்கே தெளிவாகச் சொல்வார்கள். கல்லூரி எதனிடமும் தரகு வாங்கும் கட்டாயம் இங்கில்லை.

குறை நேரம். வழிகாட்டும் பொறுப்பைப் பாடம் நடத்தும் ஆசிரியரே கூடுதலாகச் சுமக்கிறார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அரங்கில் ஒருவரின் தனிப்பட்ட குழப்பத்துக்கு இடம் கிடைப்பதில்லை. பள்ளிக்குப் பள்ளி தரமும் வேறுபடுகிறது. அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் வாய்த்த பள்ளியில் எந்தச் செயலியும் தர முடியாத பலன் கிடைக்கிறது. வாய்க்காத பள்ளியில் பதிவேட்டில் கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர் எவராயினும் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

## வழி மூன்று: நேரில் சந்திக்கும் ஆலோசகர்

பெற்றோர் ஒன்று சொல்லி, பிள்ளை வேறொன்று சொல்லி, வீட்டில் பேச்சே நின்றுபோன நிலையில் செயலியின் அறிக்கை இரு தரப்புக்கும் ஆயுதமாகவே மாறும். அங்கே மூன்றாம் மனிதர் ஒருவர் இருவரையும் எதிரில் அமர்த்திக் கேட்பதுதான் பயன் தரும். கற்றல் குறைபாடு, தேர்வுப் பதற்றம், ஒரு முறை தவறிய பின் வந்த சோர்வு ஆகியவை இருந்தாலும் இதுவே ஏற்ற வழி.

ஆனால் 'தொழில் ஆலோசகர்' என்று பலகை வைக்கத் தனி உரிமம் எதையும் சட்டம் கேட்பதில்லை. உளவியலில் முதுநிலைப் பட்டம் உண்டா, எந்தத் தேர்வை வைக்கிறார், கல்லூரிகளோடு பண உறவு உண்டா என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. விரல் ரேகையைப் பார்த்து மூளைத் திறனைச் சொல்வதாகக் கூறுபவரிடம் நிற்கவே வேண்டாம். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கட்டணத்தோடு பயணச் செலவையும், நாள்கூலி வாங்கும் குடும்பமானால் அன்றைய கூலியையும் கணக்கில் சேர்த்தே செயலியோடு ஒப்பிட வேண்டும்.

## வழி நான்கு: 'இலவச' அட்மிஷன் ஆலோசனை

இங்கே கட்டணத்தைக் கல்லூரி கொடுக்கிறது. எனவே பேச்சு பிள்ளையைப் பற்றித் தொடங்கி விரைவிலேயே ஒரு குறிப்பிட்ட சுயநிதிக் கல்லூரியில் போய் நிற்கும். இடத்தைப் பிடித்து வைக்க முன்பணம் கேட்பதும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைப்பதும் வழக்கமாக இருக்கிறது. அசல் சான்றிதழைக் கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கும்போது, தரகரிடம் அதைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. படிப்பு, கல்லூரி இரண்டையும் நீங்களே தீர்மானித்த பிறகு, விண்ணப்ப வேலைக்கு மட்டும் உதவி வேண்டும் என்றால் பயன்படுத்தலாம். வழிகாட்டலுக்கு இது உதவாது.

## ஒரு பார்வையில்

| வழி | பணம் தருபவர் | உள்ளூர் விதிகள் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| செயலி | பெற்றோர் அல்லது பள்ளி. சில இடங்களில் கல்லூரியும் | பெரும்பாலும் மேலோட்டம் | தகவல் பகிர்வு, மேல் தொகுப்பு, தானாகப் பிடிக்கும் பணம் | தேடும் பரப்பை விரிக்க விரும்புவோர், வெளிநாடு வாழ்வோர் |
| அரசு | அரசு | வலிமையானது | தனிக் கவனம் இல்லாமை | அரசு, உதவி பெறும் பள்ளி மாணவர் |
| தனி ஆலோசகர் | பெற்றோர் | ஆளைப் பொறுத்தது | பயணம், கூலி இழப்பு | வீட்டில் கருத்து மோதல், கற்றல் சிக்கல் |
| அட்மிஷன் தரகர் | கல்லூரி | தெரியும், சொல்வது ஒருபக்கம் | தவறான கல்லூரி, முன்பண இழப்பு | முடிவெடுத்த பின், விண்ணப்ப உதவிக்கு மட்டும் |

## எந்த வீட்டுக்கு எது

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்குச் செயலிக்கான பணத்தைச் சேமித்து வையுங்கள். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர், 14417, பின்னர் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி என்ற வரிசை போதும். குழப்பம் தீராவிட்டால் மட்டும் தனி ஆலோசகரிடம் ஒரு சந்திப்பு.

தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும், இன்னும் எதிலும் பிடிப்பு வராத பிள்ளைக்குச் செயலியின் அடிப்படைத் தொகுப்பு நல்ல தொடக்கம். அறிக்கையில் முதலில் வரும் தொழிலைப் பார்க்காமல், இதுவரை கேள்விப்படாத மூன்று தொழில்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அவற்றில் ஒன்றைச் செய்யும் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் தேடிப் பிடித்து, அரை நாள் அவர் வேலை செய்யும் இடத்தில் பிள்ளை உடனிருக்க அனுமதி கேளுங்கள். தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குக் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்து ஒவ்வொரு ரசீதாகச் சரிபார்ப்பதையும், கால்நடை மருத்துவர் அதிகாலையில் கொட்டகைக்குள் முழங்கை வரை உறை மாட்டி நிற்பதையும் கண்ட பிள்ளைக்கு, அறிக்கையின் எந்த வரி தனக்குரியது என்று தானாகத் தெரியத் தொடங்கும். இதற்கு யாரும் விலை வைக்கவில்லை என்பதால்தான் எந்தத் தொகுப்பிலும் இது இடம்பெறுவதில்லை.

மதிப்பெண் வந்து, படிப்பும் முடிவாகி, கல்லூரி மட்டுமே கேள்வியாக நிற்கும் வீட்டுக்கு நாட்டமறித் தேர்வு எதுவும் தேவையில்லை. முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலும், அந்தக் கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரின் நேர்மையான பேச்சும் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் செயலிதான் என்று முடிவு செய்தால், விற்பனைப் பிரதிநிதி அழைக்கும்போது ஐந்தைக் கேளுங்கள்: அறிக்கை தமிழில் கிடைக்குமா, யாரோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறீர்கள், எந்தக் கல்லூரியிடமிருந்தாவது வருமானம் பெறுகிறீர்களா, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், கேட்டால் பிள்ளையின் தகவல்களை அழிப்பீர்களா. பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, மிகக் குறைந்த தொகுப்பை மட்டும், தானாகப் பிடிக்கும் அனுமதி கொடுக்காமல், ஒரே தவணையில் ரசீதோடு கட்டுங்கள்.